சொந்த ஊர் எது?



1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நம் நாட்டின் இந்திய வம்சாவளி மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. பலாங்கொடையைச் சூழவுள்ளவை போன்ற தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பலர், தமிழகத்தின் நீலகிரி மலையில் மீண்டும் கொழுந்து பறிக்கச் சென்றார்கள். இங்கே அவர்கள் 'இந்தியாக்காரர்', அங்கே 'சிலோன்காரர்'! உழைப்பும் உணவும் அங்கே, மனமோ இங்கே.

இதனை நன்றிகேடு என்று சொல்வோர் உளர். சற்றுச் சிந்தியுங்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் வாழ்ந்தபோது மக்காவின் மீதான அன்பு அவர்களை விட்டு அகன்றதா? ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்ட பின்னரும், அடைக்கலம் தந்த மதீனாவுக்கே திரும்பினார்கள். அங்கேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். இரண்டு ஊர்களும் அவர்களின் உள்ளத்தில் இடம்பெற்றிருந்தன. எனினும், மதீனாவுக்குத் திரும்பியது அவர்களின் சொந்தத் தெரிவு. நம் தோட்ட மக்களுக்கு அத்தகைய தெரிவு வழங்கப்படவில்லை.

அவர்களுள் ஒருவர், முதிய வயதில், தாம் பிறந்த லயத்தைப் பார்க்க உங்கள் வாசலுக்கு வரக்கூடும். எந்த நாட்டவர் என்று வினவாதீர்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று கேளுங்கள்.