வயிற்று வலி என்று எழுதாதீர்கள்



பதினாறு வயதுப் பெண் செத்துப்போகிறாள். மறுநாள் பேப்பரில் நாலே வரி: தீராத வயிற்று வலியால் மாணவி தற்கொலை. அந்த வயிற்று வலிக்கு எந்த டாக்டர் மருந்துச் சீட்டு எழுதினார் என்று யாராவது கேட்டதுண்டா? கேட்க மாட்டார்கள். கேட்டால் சாதி வெளியே வரும், கந்துவட்டி வெளியே வரும், நிச்சயம் பண்ணிவைத்த மாப்பிள்ளை வெளியே வருவான்!

வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி ஒன்றியம். சி.எம்.சி. மருத்துவமனைக்காரர்கள் அங்கே 1992 முதல் 2001 வரை நடந்த இளவயதுச் சாவுகளை விசாரித்துக் கணக்கெடுத்தார்கள். பத்து முதல் பத்தொன்பது வயதுவரை, லட்சம் பெண்பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் 148 தற்கொலை, பையன்களுக்கு 58. அந்த வயதில் இறந்த பெண்களில் சரிபாதிக்குக் குறையாதவர்கள் இப்படிப் போனவர்கள். இந்தக் கணக்கு 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பழைய கணக்கு என்பீர்கள். பழசுதான் ஐயா! வயிற்று வலிச் செய்தி மட்டும் ஏன் இன்னும் புதுசாக வருகிறது?

பரீட்சையில் கோட்டைவிட்ட பையன் டுடோரியலுக்குப் போகிறான். பெண் தவறினால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறார்கள். வேறு சாதிப் பையனோடு பஸ் ஸ்டாப்பில் பேசினாளா? செல்போன் பறிபோகும், பள்ளிக்கூடம் நின்றுபோகும். வீட்டில் கடன் முற்றினால் பஞ்சாலைக்கு அனுப்புகிறார்கள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்துவைத்து வேலை வாங்கிவிட்டு, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ஆசை காட்டினார்களே, அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? சுமங்கலித் திட்டம்! கூச்சமே இல்லை.

இதெல்லாம் ஒரே நாளில் மாறாது. ஆனால் சாக வேண்டும் என்ற வேகம் பல நேரம் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் பூச்சிமருந்து கைக்கு எட்டாதிருந்தால் பிள்ளை பிழைக்கும். இலங்கை கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. இங்கே? தமிழக அரசு ஆறு பூச்சிமருந்துகளைத் தடை செய்தது, அறுபது நாளுக்கு! ஒரே தடவையில் தடை செய்ய மத்தியச் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்த அதிகாரம் அவ்வளவுதானாம். மீதி முந்நூறு நாளுக்கு டெல்லி பதில் சொல்லட்டும்.

போலீஸ்காரர்களே, விசாரித்து உள்ளதை எழுதுங்கள். பெரியவர்களே, உங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை திடீரென்று பள்ளிக்கூடம் போகாமல் நின்றால், அடுத்த வீட்டு விஷயம் என்று இருக்காதீர்கள். கதவைத் தட்டிக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள்.