பெயர் கிடைத்தது, ஆறு கிடைக்கவில்லை



ஜப்பானின் வடக்கே உள்ள பெரிய தீவு ஹொக்கைடோ. அங்கே தொன்றுதொட்டு வாழ்பவர்கள் ஐனு மக்கள். 1869இல் ஜப்பானிய அரசு அத்தீவைத் தன் ஆட்சிக்குள் சேர்த்துக்கொண்டது. காணிகள் குடியேற வந்தவர்களுக்குப் போயின. ஆற்றில் சால்மன் மீன் பிடிக்கவும் தடை வந்தது. அந்த மீன்தான் அவர்களுக்குச் சோறு.

1899இல் வந்த சட்டத்துக்குப் பெயர் 'பாதுகாப்பு'. பள்ளியில் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழியே கற்பிக்கப்பட்டது. வீட்டு மொழி தேய்ந்தது. அந்தச் சட்டம் 1997 வரை நீடித்தது. அதை நீக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் கயானோ ஷிகெரு. நிபுதானி ஊரில் பிள்ளைகளுக்கு ஐனு மொழி வகுப்பு நடத்தியவர். 1994இல் ஜப்பான் நாடாளுமன்றத்துக்குச் சென்ற முதல் ஐனு அவரே. அங்கேயும் தன் தாய்மொழியில் பேசினார்.

2019இல்தான் சட்டம் ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று எழுதியது. அடுத்த ஆண்டு ஷிராஒய் ஊரில் அவர்களுக்கெனத் தேசிய அருங்காட்சியகமும் திறந்தார்கள். ஆனால் காணி உரிமை அந்தச் சட்டத்தில் இல்லை. சால்மனை உரிமையோடு பிடிக்க வழக்குப் போட்ட ஐனு குழுவின் கோரிக்கையை 2024இல் சப்போரோ நீதிமன்றம் தள்ளிவிட்டது. சடங்குக்கு மட்டும் அனுமதி கேட்டுப் பிடிக்கலாம்.

காணிக்காகவும் வீட்டுக்காகவும் நிற்கும் நமக்கு இது தெரிந்த கதை. பெயரை ஏற்பது முதற்படி. எந்தச் சட்டம் வந்தாலும், காணி எங்கே, பிழைப்பு எங்கே என்று தேடி வாசிப்போம். கூடி நின்று கேட்போம்.