பழைய மகிழுந்தின் உடலில் கைவைக்குமுன்



மொழியியல் கற்பித்து ஓய்வு பெற்ற யாம் மகிழுந்தைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பழமையான ஒன்றைப் பயன்பாட்டுக்காக மாற்றும்போது எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்னும் சிக்கலோடுதான் யாம் வாழ்நாள் முழுதும் வகுப்பறையில் உழன்றோம். அதே சிக்கல் இப்போது எம் வீட்டுக் கொட்டகையில், 1958ஆம் ஆண்டின் மோரிஸ் மைனர் வண்டியாக நிற்கிறது. தோட்டப் பள்ளி ஆசிரியராக இருந்த எம் தந்தையார் அதைப் பழைய வண்டியாகவே வாங்கினார்.

இவ்வண்டியில் திரும்புவதைக் காட்ட மின்னும் விளக்கு கிடையாது. கதவுத் தூணிலிருந்து செம்மஞ்சள் நிறக் கை ஒன்று, இரயில்வே கைகாட்டியைப் போல, எழுந்து நிற்கும், திரும்பியதும் மடங்கிக்கொள்ளும். பார்க்க அத்துணை அழகு. பத்து காவானையும் தீவையும் இணைக்கும் இரண்டாம் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளம். சென்ற ஆண்டு அப்பாலத்தில் தடம் மாறுவதற்காகக் கையை உயர்த்தினோம். பின்னால் வந்த சரக்குந்து ஓட்டுநர் அதைக் காணவில்லை. இப்படியொரு கை வண்டிகளில் இருந்ததென்றே அவர் அறிந்திருக்க மாட்டார். நூலிழையில் தப்பினோம். அவர்மேல் குற்றமில்லை, வழக்கொழிந்த சொல்லைச் சாலையில் பேசியவர்கள் யாமே.

அன்றிரவே எம் தமக்கையின் மகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "மட்காட்டில் துளை போட்டு விளக்கு மாட்டுங்கள், சித்தி." பழம் வண்டிகளைப் போற்றும் நண்பர் ஒருவரோ, அது கோயிற் சிற்பத்தில் உளி வைப்பதற்கு ஒப்பாகும் என்றார்.

நண்பர் சொல்லும் அந்த மாசற்ற மூலவடிவம் எது? மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1947இல், உற்பத்தி நெருங்கிவிட்ட நேரத்தில், முன்மாதிரி வண்டி ஒடுக்கமாக இருப்பதாக உணர்ந்தார். அதை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் மெல்ல விலக்கிப் பார்த்தார். கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தில் நிறுத்தினார். இடைவெளி 4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். கண் அளந்த அந்த அகலத்தால் உள்ளே இடமும் கூடிற்று. சாலையில் நிலைப்பும் கூடிற்று. பானெட்டின் நடுவே இன்றும் சற்று மேடாக ஒரு பட்டை ஓடுகிறதே, அதுதான் அந்த ஒட்டு. பம்பர்கள் முன்னரே செய்து முடிக்கப்பட்டிருந்தமையால், தொடக்ககால வண்டிகளில் அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டைச் சேர்த்தார்கள். ஒட்டை மறைக்க எவரும் முயலவில்லை. மைனரின் முகம் என்று நாம் இன்று போற்றுவதே அந்தத் தழும்பைத்தான்.

பின்னரும் தொழிற்சாலை கைவைத்துக்கொண்டே இருந்தது. முகப்பு விளக்குகள் முதலில் தாழ்வாக இருந்தன; அமெரிக்க விதிகளுக்காக அவை மட்காட்டின் மேல்பகுதிக்கு ஏறின. முகத்தின் களை போயிற்று என்று வருந்துவோர் இன்றும் உளர். 1956இல் இரு துண்டு முன்கண்ணாடி ஒரே வளைந்த கண்ணாடியாயிற்று. 1961இல் கைகாட்டியே நீக்கப்பட்டு மின்னும் விளக்குகள் வந்தன. ஆகவே விளக்கு வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. அழகுக்காகப் பிறர் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. எங்கே, எப்படி மாட்டுவது என்பதே எம் வினா.

இதற்கு விடை சொல்லத் தகட்டைக் கண்டு வரவேண்டும். மைனரின் மட்காட்டுகள் திருகாணியால் பொருத்தப்பட்டவை, கழற்றலாம், மாட்டலாம். மைனருக்கான உடல் தகடுகள் இலங்கையில்கூடச் செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் வண்டிக்குத் தனி அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். கதவுகளுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற தகடுதான் அதன் முதுகெலும்பு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் அத்தகட்டின் துருவை வெட்டி நீக்காமல், பட்டி பூசித் தேய்த்து, பளபளவென்று வண்ணமடித்துத் தந்தார்கள். யாமும் மகிழ்ந்து பணம் கொடுத்தோம். வடிகால் துளைகளும் பட்டியில் அடைபட்டிருந்ததை எவர் கண்டார்? மழைநீர் உள்ளே தேங்கிற்று. கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. இரண்டாம் ஆண்டில் கதவு சரியாகச் சாத்தவில்லை. விரலால் அழுத்தினோம், வண்ணத்தோடு தகடும் உள்ளே போயிற்று. அழகும் கெட்டது, பயனும் கெட்டது. ஒட்டை மறைப்பதற்கென்றே செய்த வேலை அது.

தமிழாசிரியர்களுக்கு இது புதிதன்று. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற தம் பழைய வளைவை இழந்தன. ணா, றா, னா ஆகியவை மற்றவற்றைப் போல் தனிக்கால் பெற்றன. அச்சுக்கோப்போருக்கும் தட்டச்சு செய்வோருக்கும் சுமை குறைந்தது. எம் தந்தையார் இறுதிவரை கையெழுத்தில் பழைய வடிவத்தையே எழுதினார். அவ்வளைவின் அழகு எமக்கும் தெரியும். எனினும் ஒலியும் பொருளும் மாறவில்லை. மாறியது மட்காட்டு, அடித்தகடு அன்று.

அகலச் சக்கரம் மாட்டுவதற்காகச் சக்கர வளைவை வெட்டவேண்டும் என்னும் தமக்கை மகனின் அடுத்த விருப்பத்தை மட்டும் உறுதியாக மறுத்துவிட்டோம். நிலைப்புக்காக என்றான். உண்மையில் அது தோற்றத்துக்காகவே. திசைதிருப்பும் வளையம் கனத்துப்போகும். அதைச் சுற்றப்போவது எம் கை அல்லவா! அன்றியும், இந்நாட்டில் இத்தகைய மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையைக் கேட்கவேண்டும்.

முடிவில், முன் விளக்குகளைப் பம்பரில் தனித் தாங்கி வைத்து மாட்டினோம். தகட்டில் ஒரு துளையும் இல்லை; ஆனால் பின்னால் சேர்த்தது என்று எவருக்கும் தெரியும். பின்பக்கத்துக்குப் பம்பர் தாழ்வு. சரக்குந்தின் உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு அங்குள்ள விளக்கு எட்டாது. எனவே வேறு மட்காட்டுகளை வாங்கி அவற்றில் துளையிட்டோம். தந்தையார் கால மட்காட்டுகளைத் துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறோம். அடித்தகட்டைப் பட்டியின்றிப் புதிதாகப் பற்றவைத்தாயிற்று. பற்றுவைத்த தழும்பு குனிந்து பார்த்தால் தெரிகிறது. தேய்க்க வேண்டாமென்று சொல்லிவிட்டோம்.

பழைய கைகாட்டியை நீக்கவில்லை. மின்னும் விளக்கோடு அதுவும் எழுகிறது. வண்டி வெளியே மரத்தடியில் நிற்கிறது. மாணவர்கள் விரும்பினால், உரை முடிந்தபின் ஏற்றி இறக்கிக் காட்டுவோம். வலப்பக்கத்துக் கை சில வேளைகளில் சிக்கிக்கொள்ளும். தூணில் மெல்லத் தட்டினால் எழும்.