தேயாத உலோகம் உண்டா?



உலோகம் உலோகத்தோடு உராய்ந்தால் தேயும் என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி. ஊரில் கட்டைவண்டியின் அச்சுக்கு வண்டிமசி இட்ட நம் பெரியோர்களும், ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் பெரும் இயந்திரங்களின் அருகே நிற்கும் நம்மவரும் எதிர்த்து நிற்பது ஒரே பகையைத்தான். அப்பகை சிறிதன்று. உலகம் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 23 சதவீதம் உராய்வாலும் தேய்மானத்தாலும் கழிகிறது என்று 2017-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது. அதில் 20 சதவீதம் உராய்வை வெல்வதற்கும், 3 சதவீதம் தேய்ந்த உறுப்புகளுக்கு மாற்று ஆக்குவதற்கும் போகிறது.

எண்ணெய் இப்பகையை எவ்வாறு தடுக்கிறது? இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்பவர் இரயில் வண்டி அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்து 1883-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். தாங்கியில் இட்ட துளையை அவர் மரத்தக்கையால் அடைத்தபோது, உள்ளிருந்த எண்ணெய் அத்தக்கையை வெளியே தள்ளிவிட்டது! சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்து அழுத்தம் உண்டாக்குகிறது. அவ்வழுத்தமே பாரத்தைத் தாங்குகிறது. இதன் கணிதத்தை 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் விளக்கினார்.

ஆயின் இயந்திரம் புறப்படும்போதும் நிற்கும்போதும், பாரம் மிகுந்து வேகம் குறையும்போதும், எண்ணெய்ப் படலம் மெலிந்து உலோக மேடுகள் ஒன்றையொன்று தீண்டுகின்றன. அப்பொழுது காப்பது எண்ணெயில் கலந்துள்ள துத்தநாகம், பாஸ்வரம், கந்தகம் சேர்ந்த மருந்துப் பொருள். அது இரும்பின் மேற்பரப்பில், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள காப்புப் படலத்தை ஆக்குகிறது.

இனி உலோகத்தின் பக்கம் திரும்புவோம். எஃகில் இரும்பு தலைவன், ஏனையவை ஏவலர். நம் பஞ்சலோக விக்கிரகங்களிலும் ஐந்து பெயர்கள் இருப்பினும் செம்பே பெரும்பகுதி. இவ்வழக்கத்தை விட்டு, பல உலோகங்களை ஏறத்தாழச் சமபங்காகக் கலந்தால் என்ன? பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் எஸ். ரங்கநாதன் இத்தகைய கலவைகளைப் பற்றி 2003-இல் எழுதினார். 2004-இல் தைவானில் யே அவர்களும், இங்கிலாந்தில் பிரயன் கேண்டரும் தனித்தனியே தம் ஆராய்ச்சிகளை வெளியிட்டனர். அணுக்கள் ஒழுங்கின்றிக் கலந்து கிடக்கும் அளவை ‘என்ட்ரொப்பி’ என்பர். அது மிகுந்திருப்பதால் இவற்றுக்கு உயர் என்ட்ரொப்பிக் கலவைகள் என்று பெயர். சென்னை ஐ.ஐ.டி.யில் இத்துறையை வளர்த்த பி.எஸ். மூர்த்தி, யே, ரங்கநாதன் ஆகியோர் சேர்ந்து எழுதிய நூல் 2014-இல் வெளிவந்தது.

இக்கலவைகள் தேயாதவையா? அவ்வாறு பொதுவாகக் கூறுவதற்கில்லை. இரும்பு, நிக்கல், கோபால்ட், குரோமியம், மாங்கனீஸ் சேர்ந்த கேண்டர் கலவை கடுங்குளிரிலும் உடையாத உறுதியுடையது, எனினும் மென்மையானது. மென்மையான உலோகம் எளிதில் தேயும் என்பது 1953-இல் ஆர்ச்சர்ட் வகுத்த விதியினின்றும் விளங்கும். மாறாக, அலுமினியமும் டைட்டானியமும் சேர்த்த சில கலவைகள், அதே கடினமுள்ள தேய்வுதாங்கும் எஃகைவிடக் குறைந்தது இருமடங்கு தாங்கின என்று தைவான் ஆராய்ச்சியாளர் 2011-இல் அறிவித்தனர். வெப்பத்தில் இளகாமையும் துருவுக்கு இடங்கொடாமையுமே அதற்குக் காரணம் என்றனர்.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். எண்ணெய் வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. காற்றையும் ஓரளவு விலக்குகிறது. ஆகவே வெப்பத்திலும் காற்றிலும் புலப்பட்ட மேன்மை எண்ணெயினுள் அதே அளவில் புலப்படும் என்று கொள்ளலாகாது. மேலும், எண்ணெயில் கலக்கும் மருந்துகள் பல்லாண்டுகளாக இரும்புக்கென்றே பழக்கப்பட்டவை. இரும்பு ஐந்தில் ஒரு பங்காய், மேற்பரப்பைக் குரோமிய ஆக்சைடு மூடியிருக்கும் கலவையில், அதே காப்புப் படலம் அவ்வண்ணமே படியும் என்பதற்கு உறுதியில்லை. உலோகத்தையும் எண்ணெயையும் இணையாகவே சோதித்தல் வேண்டும்.

விலையையும் மறத்தலாகாது. கோபால்ட் மலிவான பொருளன்று. ஆதலின் உறுப்பு முழுவதையும் இக்கலவையால் வார்க்காமல், எஃகின்மேல் லேசர் ஒளியால் உருக்கிப் படியவைக்கும் முறையையும் ஆராய்கின்றனர்.

புதிய உலோகத்தை வாங்கிப் பழைய எண்ணெயை ஊற்றிவிட்டு அச்சு இறுகியபின் வருந்துவதைவிட, முன்னரே சோதித்தறிவது சிக்கனம். இயந்திரத்தருகே நிற்பவருக்குப் பாதுகாப்பும் ஆகும். தேயாத உலோகம் இல்லை. மெல்லத் தேயும் உலோகமும், அதற்கேற்ற எண்ணெயும் உண்டு. அவற்றைப் பொருத்தி வைப்பதே நம் காலத்தின் பணி.