நான்காவது வருடம்

(நூற்றாண்டு விழாவில் உயர்தர வகுப்பு மாணவியருக்கு ஆற்றிய உரை)



கம்பஸுக்கு எப்படிப் போவதென்று புதுக்கடையிலிருந்து வெள்ளவத்தை வரை எல்லா டியூட்டரியிலும் சொல்லித் தருவார்கள். போன பிறகு எடுக்க வேண்டிய ஒரு முடிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கலை, விஞ்ஞான பீடங்களில் மூன்று வருடத்தோடு பொதுப் பட்டம் பெற்று வெளியேறலாம். நான்கு வருடம் இருந்து ஒரே பாடத்தில் சிறப்புப் பட்டமும் பெறலாம். எங்கள் காலத்தில் அதை ‘ஸ்பெஷல்’ என்போம், இப்போது ‘ஒனர்ஸ்’. நாட்டின் தகைமைச் சட்டகத்தில் முன்னையது 90 கிரெடிட், 5ஆம் மட்டம். பின்னையது 120 கிரெடிட், 6ஆம் மட்டம்.

எங்களோடு படித்த கெட்டிக்காரிகள் சிலர் மூன்றாம் வருடத்தோடு நின்றுவிட்டார்கள். பெறுபேறு குறைந்ததால் அல்ல. “பொம்பிளைப் பிள்ளைக்கு இது காணும்” என்று வீட்டில் முடிவாயிற்று. அதே வீடுகளில் அண்ணன்மார் நான்கு வருடமும் படித்தார்கள்.

அந்த ஒரு வருடத்தில் என்ன இருக்கிறது? முக்கியமாக, சொந்த ஆய்வு. கேள்வியும் நீங்களே, விடை தேடுவதும் நீங்களே; பக்கத்தில் ஒரு விரிவுரையாளர் இருந்து பிழை பிடிப்பார். மருத்துவம் படித்த எங்களில் பலர் ஓர் ஆய்வேட்டைத் தனியாக எழுதியது பட்டப்பின் படிப்பில்தான். அப்போது முப்பதைத் தாண்டியிருந்தோம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் அதைச் செய்து முடித்த தோழியரைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுண்டு!

விரிவுரையாளராக வர விரும்புபவருக்கு இதுவே நேரான வழி. அமெரிக்கா, கனடாவில் மேற்படிப்புக்குப் போனாலும் பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருடப் பட்டத்தையே எதிர்பார்க்கின்றன. அங்கே போய் மறுபடி இளநிலை வகுப்பில் உட்கார்ந்த எங்கள் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வீட்டில் உடனே ஒரு சம்பளம் தேவையென்றால் மூன்று வருடப் பட்டத்தோடு வேலைக்குப் போவதில் குறைவொன்றுமில்லை. ஆனால் அரச பல்கலைக்கழகத்தில் நான்காவது வருடத்துக்கும் கற்பித்தல் கட்டணம் இல்லை என்பதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். பலருக்கு அது தெரியாது.

இன்னொன்று. கேட்ட எல்லோருக்கும் இடம் கிடைக்காது. தெரிவு விதி பீடத்துக்குப் பீடம் வேறு. ஆரம்ப வருடங்களின் பெறுபேற்றைத்தான் பார்ப்பார்கள். முதலாம் வருடம் ‘ரெஸ்ட்’ எடுக்கலாம் என்று யாராவது அக்கா சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் சங்கத்தில் எல்லாத் துறையிலும் ஆட்கள் இருக்கிறோம். விழா முடிந்ததும் மண்டப வாசலில் நிற்போம், வந்து கேளுங்கள். அப்பாவோடு கதைக்க ஆள் வேண்டுமென்றால் வீட்டுக்கும் வருவோம்.