கையில் தொழில், தாளில் உண்மை!

(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத் தொழிலாளர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே அடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே! இரவு ஷிஃப்ட் பஸ் வருவதற்குள் கேட்டுவிட்டுப் போகலாம் என்று அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே அமர்ந்திருக்கும் இளைஞர்களே!

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் முன்பெல்லாம் இளைஞர்கள் என்னிடம் தொழுகை, நிகாஹ், தலாக் பற்றிக் கேட்பார்கள். இப்போது நான்கு பேரில் ஒருவர், "ஹஜ்ரத், கனடா பி.ஆர். கிடைக்குமா?" என்கிறார். அதனால் இன்று அதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி வந்தார். பெயர் வேண்டாம், வயது 29. இங்குள்ள கார் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவர். ஆறு ஆண்டுகளும் ஒப்பந்தத் தொழிலாளி. அதற்குள் மூன்று கான்ட்ராக்டர்கள் மாறிவிட்டார்கள். சென்னையில் ஒரு ஏஜெண்ட், "ஆட்டோமொபைல் அனுபவமா? கனடா உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று சொல்லி, இரண்டு தவணையில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வாங்கியிருக்கிறார். பாதி தாயாரின் நகை. மீதி வட்டிக் கடன். ஓராண்டு கழித்து அந்த ஏஜெண்ட் ஒரு தாளை நீட்டி, "உங்கள் வேலை அசெம்ப்ளர் என்று இருந்தால் எடுபடாது. மெக்கானிக் என்று அனுபவக் கடிதம் தயார் செய்துவிட்டேன், கையெழுத்துப் போடுங்கள்" என்றாராம்.

தம்பி கேட்ட கேள்வி இதுதான்: "ஹஜ்ரத், ஒரு வார்த்தையைத்தானே மாற்றுகிறார்கள்? இது பொய்யாகுமா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், ஒரு தாயின் நகையை விழுங்கும் அளவுக்கு இந்த பி.ஆரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

சகோதரர்களே! நம்முடையது சபுர் சமுதாயம். பர்மாவில் கடை வைத்திருந்தோம். 1964இல் அங்கே கடைகளை அரசுடைமையாக்கினார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களின் கதையைச் சென்னை ராஜாஜி சாலையின் பர்மா பஜார் இன்றும் சொல்லும். பிறகு வளைகுடா. 1990இல் குவைத்தை ஈராக் பிடித்தபோது இந்திய அரசு ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் திரும்ப அழைத்து வந்தது. முப்பது ஆண்டுகள் பாலையில் உழைத்த சபுராளி, வேலை விசா முடிந்தால் பெட்டியைக் கட்டத்தான் வேண்டும். கோல்டன் விசா என்பதெல்லாம் பெரும்பாலும் பெரும் பணக்காரருக்கும் உயர் சம்பளக்காரருக்கும்தான். நிரந்தர வசிப்புரிமை வேறு வகை. வேலை போனாலும் நாட்டை விட்டுப் போ என்று சொல்ல மாட்டார்கள். முதலாளியின் கையில் உங்கள் கழுத்து இருக்காது. குடும்பத்தோடு வாழலாம். ஆகவே இளைஞர்கள் அதை விரும்புவதில் தவறே இல்லை. தகுதி என்றால் என்ன என்று தெரியாமல் பணத்தைக் கட்டுவதுதான் தவறு.

திறன்மிகு தொழிலாளி என்கிறார்களே, யார் அவர்? கனடா தன் வேலைகளை எல்லாம் 0 முதல் 5 வரை ஆறு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. திறன்மிகு தொழிலாளர் திட்டத்தில் 0, 1, 2, 3 ஆகிய வகுப்புகளுக்குத்தான் இடம். கார் அசெம்ப்ளர் 4ஆம் வகுப்பு. செல்போன், எலக்ட்ரானிக்ஸ் அசெம்ப்ளரும் 4ஆம் வகுப்பு. அதாவது இங்கே கன்வேயர் முன் நின்று உலகத்தரமான காரையும் போனையும் உருவாக்கும் நம் தம்பிகளும் தங்கைகளும், பத்து ஆண்டுகள் நின்றாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்! அதே கூரையின் கீழ் வேலை செய்யும் வெல்டர், டூல் அண்ட் டை மேக்கர், மெஷினிஸ்ட், மெயின்டெனன்ஸ் ஃபிட்டர், தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் எல்லாம் 2ஆம் வகுப்பு. கம்பெனி பெயரை யாரும் கேட்பதில்லை. உன் கையில் இருக்கும் தொழில் என்ன என்றுதான் கேட்கிறார்கள்.

அடுத்து மதிப்பெண். மொத்தம் 100, தேற வேண்டியது 67. ஒரு டிப்ளோமா இளைஞரை எடுத்துக்கொள்வோம். மெயின்டெனன்ஸில் நான்கு ஆண்டு அனுபவம், வயது 28. 35 வயது வரை வயதுக்கு 12 மதிப்பெண். டிப்ளோமாவை இரண்டாண்டுப் படிப்பாக அவர்கள் மதிப்பிட்டால் 19. அனுபவத்துக்கு 13. ஆக 44. இனி ஆங்கிலம். ஐ.இ.எல்.டி.எஸ். பொதுத் தேர்வில் நான்கு பகுதியிலும் 6 வாங்கினால் 16 மதிப்பெண். கூட்டிப் பாருங்கள், 60. தேறவில்லை! அதே இளைஞர் கேட்டலில் 8, மற்ற மூன்றில் 7 வாங்கினால் 24. இப்போது 68. தேறிவிட்டார்! ஆளும் அவரே, தொழிலும் அதுவே. ஆங்கிலம் மட்டும் மாறியது, முடிவே மாறிவிட்டது.

இதோடும் முடியவில்லை. 67 என்பது வாசல்தான். 2015 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்று உள்ளே இன்னொரு வரிசை இருக்கிறது. அங்கே 1200க்கு மதிப்பெண் போட்டு, மேலே இருப்பவரைத்தான் அழைக்கிறார்கள். பொதுச் சுற்றுகளில் அண்மை ஆண்டுகளில் 500க்கு மேல் தேவைப்பட்டது. 2023 முதல் சில தொழில்களுக்குத் தனிச் சுற்றும் வைக்கிறார்கள். விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள். ஆகவே நான் சொல்வதையும் வேதவாக்காக எடுக்காமல், விண்ணப்பிக்கும் நாளில் அந்த அரசின் சொந்த இணையதளத்தைப் பாருங்கள்.

ஜெர்மனியின் வழி வேறு. 2024 ஜூன் முதல் வாய்ப்பு அட்டை என்று ஒன்றைத் தருகிறார்கள். அதைக் கொண்டு ஓராண்டு அங்கே தங்கி வேலை தேடலாம். பட்டம் இல்லாதவருக்கு அவர்கள் கேட்பது, நம் நாட்டு அரசு ஏற்ற குறைந்தது இரண்டாண்டுத் தொழிற்பயிற்சி. இங்கே கவனியுங்கள்! ஐ.டி.ஐயில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் இரண்டாண்டு. வெல்டர் ஓராண்டு. பத்தாம் வகுப்பு முடித்த பையனை, சீக்கிரம் சம்பாதிக்கட்டும் என்று ஓராண்டுப் பிரிவில் சேர்க்கும்போதே அந்த ஒரு கதவை நாம் சாத்திவிடுகிறோம். இது எத்தனை தந்தையருக்குத் தெரியும்? அங்கே வேலையில் சேர்ந்த திறன்மிகு தொழிலாளி மூன்று ஆண்டு வேலை, 36 மாத ஓய்வூதியச் சந்தா, பி1 நிலை ஜெர்மன் மொழி ஆகியவற்றோடு நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். அங்கும் மொழிதான் சாவி.

சரி, தொழிலும் இருக்கிறது, மொழியும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, தாளில் என்ன இருக்கிறது? அனுபவக் கடிதத்தில் பதவி, செய்த வேலைகளின் விவரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், சேர்ந்த நாள், விட்ட நாள் எல்லாம் இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இதை யார் தருவார்? கம்பெனி, "நீ எங்கள் ஆளில்லை" என்கிறது. கான்ட்ராக்டர் தொலைபேசியை எடுப்பதில்லை. ஆகவே இன்றிலிருந்தே நியமனத் தாள், சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு விவரம், வங்கிப் பதிவு எல்லாவற்றையும் மாதாமாதம் ஒரு கோப்பில் சேருங்கள். கான்ட்ராக்டர் மாறும் நாளன்றே பழையவரிடம் கடிதம் வாங்குங்கள். மறுநாள் அவரை நீங்கள் பார்க்க முடியாது.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். "ஒரு வார்த்தையை மாற்றுவது பொய்யாகுமா?"

ஆகும் தம்பி என்றேன். அசெம்ப்ளரை மெக்கானிக் என்று எழுதுவது பொய்ச்சாட்சி. மார்க்கத்தில் அது எவ்வளவு பெரிய பாவம் என்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உலகச் சட்டப்படியும் பாருங்கள். பொய்த் தகவல் கொடுத்ததாகக் கண்டால் கனடா ஐந்தாண்டு தடை போடும். கையெழுத்து ஏஜெண்டுடையதல்ல, உன்னுடையது. தடையும் உனக்குத்தான்.

வியாபாரப் பெருமக்களே, இதே பொய்யில் உங்களுக்கும் ஒரு பங்கு வருகிறது. கோபப்படாதீர்கள். கனடா போகிறவர் குடியேற்றச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும். 2025 கணக்குப்படி தனி ஆளுக்கே பதினைந்தாயிரம் கனடா டாலருக்கு மேல். அது கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது என்பது விதி. நம்மில் சிலர் என்ன செய்கிறோம்? உறவினர் பிள்ளைதானே என்று நம் கடைப் பணத்தை அவன் கணக்கில் போட்டு வைத்துவிட்டு, தாள் வாங்கியதும் திருப்பி எடுக்கிறோம். உதவி என்று நினைத்துப் பொய்க்கு முதலீடு போடுகிறோம்! அவர்கள் ஆறு மாதச் சராசரி இருப்பையும் பார்க்கிறார்கள். நேற்று வந்த பணம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ஏஜெண்ட் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் முப்பதாயிரமும் அதற்கான வரியும்தான். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. கனடா பி.ஆருக்குக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவர் அந்நாட்டு உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். யாரும் இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கவும் முடியும். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கியதை மறந்துவிட வேண்டாம்.

சமுதாயம் என்ன செய்ய வேண்டும்? நான்கு காரியங்கள் சொல்கிறேன்.

ஒன்று. ஒவ்வொரு பள்ளிவாசல் மாடியிலும் மாலையில் இரண்டு மணி நேர ஆங்கில வகுப்பு. ஷிஃப்ட்டுக்கு ஏற்ப இரண்டு பிரிவு. பெண்களுக்குத் தனி நேரம். ஆசிரியர் சம்பளத்தைப் பத்து கடைக்காரர்கள் பகிர்ந்தால் ஒருவருக்கும் சுமை தெரியாது.

இரண்டு. பத்தாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தில் ஜமாஅத்தில் ஒருவர் உட்கார்ந்து, எந்த ஐ.டி.ஐ. பிரிவு எத்தனை ஆண்டு, எதற்கு எந்தக் கதவு திறக்கும் என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்.

மூன்று. தொழிலைக் கையில் கற்று, சான்றிதழ் இல்லாமல் இருப்பவர்கள் பலர். மூன்றாண்டு அனுபவம் இருந்தால் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அந்தக் கட்டணத்தை பைத்துல்மால் கொடுக்கட்டும்.

நான்கு. வட்டியில்லாக் கடன். தேர்வுக் கட்டணத்துக்கும் சான்றிதழ் மதிப்பீட்டுக்கும் மட்டும் கொடுங்கள். ஏஜெண்டுக்குக் கட்ட ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.

எல்லாரும் போய்விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பி.ஆர். என்பது வாங்கிப் பெட்டியில் வைக்கும் நிலப்பத்திரம் அல்ல. கனடாவில் ஐந்தாண்டில் 730 நாட்கள் அங்கே இருந்தாக வேண்டும். வயதான பெற்றோரை யார் பார்ப்பது என்பதை விமானச் சீட்டுக்கு முன்னால் முடிவு செய்யுங்கள். இங்கேயே இருப்பவருக்கும் இதே தகுதிதான் காவல். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அப்போது ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும் வெளியே வந்தார்கள். அவர்களை நம்பியிருந்த கடைகளும் படுத்தன. கையில் சான்றோடு ஒரு தொழில் இருப்பவன் அடுத்த வாசலைத் தட்டலாம். கன்வேயரில் ஒரு திருகை மட்டும் முடுக்கத் தெரிந்தவன் எங்கே போவான்?

அந்தத் தம்பி கையெழுத்துப் போடவில்லை. கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை. போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். கார் கம்பெனியை விட்டுவிட்டு, மூவாயிரம் ரூபாய் குறைந்த சம்பளத்துக்கு ஒரு சிறு பட்டறையில் மெயின்டெனன்ஸ் பிரிவில் சேர்ந்திருக்கிறார். மாலையில் ஆங்கிலம் படிக்கிறார். கனடா போவாரா, மாட்டாரா, அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் இனி அவர் தாளில் எழுதுவதெல்லாம் அவர் கை செய்ததாக இருக்கும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அவர் கட்டிவிட்டார்.

ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். தம்பிகளே, போய் வாருங்கள். நாளை காலை வேலை முடிந்து வந்ததும் தூங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அனுபவத் தாள்களை எல்லாம் எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாருங்கள். உங்கள் பயணம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கை விசாலமாக்குவானாக! வஸ்ஸலாம்.