காலராவும் இந்திய ஆராய்ச்சியும்

மனித குலத்தை அச்சுறுத்திய கொள்ளை நோய்களுள் காலரா முன் வரிசையில் நிற்பது. காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் மாண்டுபோகும் கொடுமை இந்நோய்க்கு உரியது. 1817இல் கங்கையின் கழிமுகப் பகுதியில் எழுந்த இக்கொள்ளை நோய், வணிகக் கப்பல்களுடனும் படைகளுடனும் பயணம் செய்து பல நாடுகளுக்கும் பரவியது. நோயின் தாயகம் என்று பழிக்கப்பட்ட அதே வங்கம்தான், பின்னாளில் அதனை வெல்லும் வழியையும் உலகிற்குக் காட்டியது.

நச்சுப்பொருளைத் தேடி

1884இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆராய்ச்சி நடத்தி, காற்புள்ளி போல் வளைந்த ஒரு நுண்ணுயிரே காலராவுக்குக் காரணம் என்று நிறுவினார். இக்கிருமி ஒருவகை நச்சுப்பொருளைச் சுரக்க வேண்டும் என்றும் அவர் கருதினார். ஆனால் அந்த நச்சு அகப்படவில்லை. ஆராய்ச்சியாளர் பலர் கிருமியை விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தனர். மனிதரிடம் காணும் நோய் அவற்றிடம் தோன்றவில்லை.

தேட வேண்டிய இடம் குடலின் உட்புறமே என்று உணர்ந்தவர் வங்க நோய்க்குறியியல் அறிஞர் சம்பு நாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் நூலால் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். கட்டிய குடல் நீரால் உப்பியது. 1953இல் வெளியான இச்சோதனையை அடுத்து, கிருமிகளை வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. நோயை விளைவிப்பது கிருமி வெளியிடும் நச்சே என்பது ஐயமின்றி உறுதியாயிற்று. 1959இல் 'நேச்சர்' இதழ் இம்முடிவை வெளியிட்டது. கோக்கின் ஊகம் மெய்ப்பட 75 ஆண்டுகள் ஆயின. எளிய கருவிகளைக் கொண்டே இச்சாதனை நிகழ்ந்தது என்பது மாணவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

உப்பும் சர்க்கரையும்

இந்த நச்சு குடற்சுவரின் உயிரணுக்களைக் கொல்வதில்லை. அவை உப்பையும் நீரையும் கட்டுக்கடங்காமல் குடலுக்குள் கொட்டுமாறு செய்கிறது. கடுமையான நோயாளி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும். மரணத்திற்குக் காரணம் இந்த நீரிழப்பே. இழந்த நீரை ஈடு செய்தால் நோயாளி பிழைப்பார். கிருமியோ சில நாட்களில் தானே வெளியேறிவிடும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம்: குடல் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கையில் வாய்வழி நீர் கொடுத்துப் பயன் என்ன? வெறும் உப்பு நீரால் பயன் குறைவுதான். ஆனால் குளுக்கோஸ் சேர்ந்தால், குடற்சுவர் அதனுடன் சோடியத்தையும் உள்ளிழுத்துக்கொள்கிறது. நீரும் உடன் செல்கிறது. இந்த உறிஞ்சும் வழியைக் காலரா நச்சு அடைப்பதில்லை. கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி வாய்வழிக் கரைசலால் நோயாளிகளைக் குணப்படுத்தியதை 1953இலேயே எழுதினார். 1960களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த ஆய்வுகள் இம்முறைக்கு அறிவியல் அடித்தளம் அமைத்தன.

பன்காவ் காட்டிய வழி

1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்திற்குள் வந்தனர். எல்லையோரம் உள்ள பன்காவ் நகர மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். சிரை வழியே செலுத்தும் உப்பு நீர் தீர்ந்துகொண்டிருந்தது. அதனைச் செலுத்தப் பயிற்சி பெற்றவர்களும் போதவில்லை. அங்கு பணியாற்றிய மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கரைசல் தயாரித்துக் குழாய் பொருத்திய பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். உறவினர்களே குவளையில் பிடித்து நோயாளிகளுக்குப் புகட்டினர். சுமார் 30 சதவிகிதமாக இருந்த இறப்பு 3.6 சதவிகிதமாகக் குறைந்தது. மருத்துவமனைக்குள் அடங்கியிருந்த சிகிச்சை அன்று தாயின் கைக்கு வந்தது. பின்னர் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை உலகெங்கும் பரப்ப முற்பட்டது. 2022இல் மறைந்த மஹலநாபிசுக்கு 2023இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

தடுப்பு

சிகிச்சை எளிதாயிற்று என்பதால் கிருமி ஓய்ந்துவிடவில்லை. 1992இல் சென்னையில் முதன்முதலாக அறியப்பட்ட ஓ139 என்ற புதிய வகை, விரைவில் வங்கக் கடலோரம் எங்கும் பரவியது. எதிர் உயிரி மருந்துகள் நோயின் காலத்தைக் குறைக்கின்றன. ஆயினும் அவற்றை அளவின்றி வழங்கினால் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெறுகின்றன. 2006இல் கல்கத்தாவில் தொடங்கிய வாய்வழித் தடுப்பு மருந்துச் சோதனையில் ஐந்து ஆண்டுகளில் சுமார் 65 சதவிகிதப் பாதுகாப்புக் கிட்டியது. இது பெரும் துணையே. எனினும் தூய குடிநீருக்கும் கழிவகற்றும் வசதிக்கும் இது மாற்றாகாது. கசியும் குடிநீர்க் குழாயும் திறந்த சாக்கடையும் அருகருகே இருக்கும்வரை கிருமிக்கு வழி திறந்தே இருக்கும்.

எஞ்சியுள்ள பணி

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் 60.6 சதவிகிதத்தினருக்கே உப்புச் சர்க்கரைக் கரைசல் கிடைத்தது. துத்தநாக மருந்து பெற்றவர்கள் 30.5 சதவிகிதத்தினர். மலிவான மருந்து, இந்திய மண்ணிலேயே மெய்ப்பிக்கப்பட்ட மருந்து, பத்துக் குழந்தைகளில் நால்வரை எட்டவில்லை. இக்குறையை ஆராய்ச்சிக் கூடம் தீர்க்க இயலாது. துணை சுகாதார நிலையத்தில் கரைசல் பொட்டலம் தீராமல் இருக்கிறதா, அதைக் கலக்கும் முறையைத் தாய் அறிந்திருக்கிறாளா, ஊர்க் குடிநீருக்குக் குளோரின் இடப்படுகிறதா என்று மழைக்காலத்திற்கு முன்பே பார்ப்பது நிர்வாகத்தின் கடமை. டேயும் மஹலநாபிசும் வழியைத் திறந்துவிட்டனர். அந்த வழியே கடைசிக் குடிசைவரை குவளையைக் கொண்டு சேர்ப்பது அலுவலர்களின் கையிலும் இளைஞர்களின் கையிலும் உள்ளது.